கிண்டிப் புல்வெளி வீண் நிலம் அல்ல

"காலி இடத்திலெல்லாம் மரம் நட்டால் பல்லுயிர் பெருகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. சென்னை கிண்டி தேசியப் பூங்காவையே பாருங்கள். சுமார் 270 ஹெக்டேர், 1978-இல் தேசியப் பூங்காவானது. பெரும்பகுதி புதர்க்காடு; கூடவே போலோ மைதானம் என்னும் திறந்த புல்வெளி. வெளிமானுக்கு உகந்தது அந்தப் புல்வெளிதான். அதற்குப் பாதுகாப்பே கண்ணும் கால் வேகமும். ஆபத்தைத் தொலைவிலேயே கண்டு ஓட வெட்டவெளி வேண்டும். ஆண் மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கையிட்டுத் தன் எல்லையை வகுப்பதும் அப்படிப்பட்ட தரையில்தான். மரநிழல் அடர்ந்தால் புல் குறையும், வெளிமானும் ஒடுங்கும். புள்ளிமான் புதரோரத்திலும் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கு அது கடினம்.

மரம் நடுவதே தப்பு என்று சொல்லவில்லை. தெருவோரத்தில் புங்கன், வேம்பு, பூவரசு தாராளமாக நடுங்கள். புல்வெளியில் மட்டும் தயவுசெய்து குழி தோண்டாதீர்கள்.