போல் பொசிஷனுக்கு முன்பே ஓடிய வண்டிகள்

வாகன வீடியோ விளையாட்டுகள் பற்றி நான் படித்த கட்டுரை ஒன்றில், கார் ஓட்டும் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டுகளின் வரலாற்றை, 1982இல் ஜப்பானிய நிறுவனமான நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ விளையாட்டிலிருந்து தொடங்கியிருக்கிறார் கட்டுரையாளர். ஜப்பானின் ஃபுஜி பந்தயத் தடத்தையும் பந்தயத்துக்கு முந்தைய தகுதிச் சுற்றையும் திரைக்குக் கொண்டுவந்த அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 1974லேயே ஸ்டியரிங், கியர், பெடல்களுடன் ‘கிரான் டிராக் 10’ இயந்திரத்தை விற்றது. 1976இல் வந்த அந்நிறுவனத்தின் ‘நைட் டிரைவர்’, இருண்ட திரையில் நம்மை நோக்கி விரைந்துவரும் வெண்ணிறக் கம்பங்களை மட்டும் காட்டியே சாலையில் செல்லும் உணர்வைத் தந்தது. சாலையையும் மரங்களையும் வரைய வன்பொருளுக்கு வலுவில்லாத காலத்தில் இரவையே துணைக்கு அழைத்த அந்த யோசனையை இன்றும் வியக்கிறேன்.

அக்கட்டுரையின் வாகனப் போர் பற்றிய பகுதியில், 1980இல் வந்த அடாரியின் பீரங்கி வண்டி விளையாட்டான ‘பேட்டில்சோன்’ ஒரே வரியில் முடிந்துவிட்டது எனக்கு வருத்தமளிக்கிறது. எட் ராட்பெர்க் வடிவமைத்த அவ்விளையாட்டில், இரண்டு கைப்பிடிகளையும் முன்னே தள்ளினால் பீரங்கி வண்டி முன்னேறும். ஒன்றை முன்னே தள்ளி மற்றொன்றைப் பின்னே இழுத்தால் நின்ற இடத்திலேயே திரும்பும். உண்மையான பீரங்கி வண்டியின் இயக்கமும் அதுவே. படங்களைக் கோடுகளாகவே வரையும் வெக்டர் திரையின் பச்சைக் கோடுகளால் ஆன தொடுவானத்தில் குமுறும் எரிமலையைச் சேர்த்தவர் சக நிரலாளர் ஓவன் ரூபின். அமெரிக்க ராணுவத்துக்காக, பிராட்லி கவச வண்டி வீரர்களின் பயிற்சிக்கு ஏற்ப இவ்விளையாட்டை மாற்றும் பணி வந்தபோது, தம் படைப்பு போர்ப் பயிற்சிக்குச் செல்வதில் உடன்பாடில்லாத ராட்பெர்க், மிகுந்த தயக்கத்துடனேயே அதை ஏற்றார்.