அந்தக் கதவை வெளியே எடுத்து வைத்தது சரிதான்

அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்துக்கு யாராவது போனால், நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அதே இடத்தில் அப்போலோ 1 விண்கலத்தின் கதவையும் வைத்திருக்கிறார்கள். மூன்று அடுக்குக் கதவு. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

1967 ஜனவரி 27. கஸ் கிரிஸ்ஸம், எட் வைட், ரோஜர் சாஃபி ஆகிய மூன்று விண்வெளி வீரர்களும் ஏவுதளத்தில் ஒத்திகைக்காகக் கலத்துக்குள் இருந்தார்கள். ராக்கெட்டில் எரிபொருள் இல்லை என்பதால் அதை ஆபத்தான சோதனையாகவே யாரும் கருதவில்லை. ஆனால் உள்ளே நிரம்பியிருந்தது முழுக்க ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது.

உள்கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும். தீ பரவியதும் அழுத்தம் எகிறி, கதவைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டது. சாதாரண நாளிலேயே திறக்க ஒன்றரை நிமிடம் ஆகும். திறக்கும் பொறுப்பு நடு இருக்கையில் இருந்த வைட்டுடையது. விண்வெளியில் நடந்த முதல் அமெரிக்கர் அவர். அந்த அழுத்தத்தை எதிர்த்து எந்த மனிதக் கையாலும் இழுத்திருக்க முடியாது. வெளியே ஊழியர்கள் புகையில் மூச்சுத் திணறப் போராடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கிரிஸ்ஸமை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை. 1961-ல் அவர் கலம் கடலில் இறங்கியபோது கதவு முன்கூட்டியே வெடித்துத் திறந்தது. கலம் மூழ்கியது, அவர் நீந்திப் பிழைத்தார். பதற்றத்தில் அவரே திறந்துவிட்டார் என்ற பேச்சு கடைசிவரை அவரைத் துரத்தியது. அப்புறம் ஆறே ஆண்டில், திறக்காத ஒரு கதவுக்குப் பின்னால் இறந்தார்.

ஐம்பது ஆண்டுகள் அந்தக் கதவை யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்தார்கள். 2017 ஜனவரியில்தான், குடும்பத்தினரின் சம்மதத்தோடு, வெளியே கொண்டுவந்தார்கள். சாவைக் காட்சிப்பொருளாக்குவதா என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் பூட்டி வைப்பதுதான் மரியாதை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலவுக்குப் போய் வந்த கலத்தைப் பெருமையாகக் காட்டுகிறோம். அதன் கதவு வெளிப்பக்கமாக, சில நொடிகளில் திறக்கும்படி மாறியதே இந்த மூவர் இறந்த பிறகுதானே? அந்தப் புதிய கதவையும் இங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குழந்தைக்கும் விஷயம் விளங்கிவிடும்.

அப்போலோ 1 கலம் இன்னும் வர்ஜீனியாவில், நாசாவின் லாங்லி மையக் கிடங்கில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அவர்கள் உயிர் பிரிந்த இடம் அது. கதவு மட்டும் வெளியே இருந்தால் போதும்.