கதை படிச்சு என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க மாமா?

என் கையில் நாவலைப் பார்த்தாலே மச்சினன் கேட்கிற கேள்வி இது. "வரலாறு, வாழ்க்கை வரலாறுன்னு படிச்சா நாலு விஷயமாவது தெரியும். கதையெல்லாம் டைம்பாஸ்."

கடைசியாக முடித்த மூன்று புத்தகங்களை வைத்துச் சொல்கிறேன், எனக்கு நடந்தது நேர்மாறு.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவல். ஆட்டோ ஓட்டுகிறவரைப் பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட, இன்ஜினியரிங் படித்த பெண் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். கதையின் பெரும்பகுதி அந்த வார்டையும் அதன் வாசலையும் விட்டு நகராது. எவ்வளவு செலவானாலும் சரி என்று நிற்கிறார் தலைமையாசிரியர் அப்பா. பணத்துக்கு அங்கே வேலையே இல்லை. புலம்பல் சில இடங்களில் சுற்றிச் சுற்றி வருகிறது, பக்கங்களைத் தள்ளினேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் தீக்காய வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரிய வந்தது இந்த 'டைம்பாஸில்'தான்.

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' வரலாறு. இதைத்தான் துப்பறியும் கதை மாதிரிப் படித்தேன். மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் ஊர் பற்றி எரிகிறது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாகிறார்கள். பள்ளிப் பாடத்தில் கப்பலும் செக்கும்தான் இருந்தன. அந்த நால்வர் இல்லை.

அப்புறம், பத்து வருஷமாக அலமாரியில் தலையணை மாதிரிக் கிடந்த உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. கண் சரியில்லாத அம்மாவுக்கு ராத்திரி ஒரு அத்தியாயம் என்று வாசித்துக் காட்டினேன். பரம்பரைச் சொத்து மாதிரி அதில் கடன் வருகிறது, பசி வருகிறது, அம்மா "ஐயோ பாவம்" என்பார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். உ.வே.சா. அப்போது கல்லூரித் தமிழாசிரியர், வயது 25. படித்ததையெல்லாம் அடுக்குகிறார்: அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை. முன்சீப்பான (சிவில் நீதிபதி) முதலியார் அசையவே இல்லை. கடைசியில், சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்கிறார். இவர் அந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. எழுபது வயசு தாண்டிய என் அம்மா அந்த இடத்தில், "இன்டர்வியூல மாட்டிக்கிட்ட மாதிரி" என்று சிரித்தார். பிறகு அதே உ.வே.சா., சிந்தாமணி சமணக் காப்பியம் என்பதால் சமணர் வீட்டுக்குப் போய் விளக்கம் கேட்டு, 1887இல் சிந்தாமணியை அச்சேற்றுகிற வரைக்கும் நடப்பதில் எந்த நாவலுக்கும் குறையாத இழுப்பு.

மச்சினனுக்கு இதைச் சொன்னேன். "அப்ப அதுவும் கதைதானா?" என்று போனை எடுத்துக்கொண்டான். சரி, விடுங்கள்.

'என் சரித்திர'த்தில் வரும் பெயர்களில்தான் எனக்குத் திண்டாட்டம். ஆதீனத்து ஆட்கள், தம்பிரான்கள் (மடத்துத் துறவிகள்), வித்துவான்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். யார் யார் என்று அம்மாதான் எனக்கு நினைவுபடுத்துவார்.

போன வாரம் 122ஆவது அத்தியாயம். வாசித்துவிட்டு மூடினேன்.

"அப்புறம் என்னாச்சு?"

"அவ்வளவுதாம்மா. விகடன்ல தொடரா வந்துக்கிட்டிருக்கும்போதே 1942இல் இறந்துட்டார்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த முதலியார் சிந்தாமணி புஸ்தகத்தைப் பார்த்தாரா இல்லையா, அதைத் திரும்ப எடு" என்றார்.