விருதுக்கு வளைந்த விதி

குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், இங்குள்ள அகதிகள் முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் வருகிறது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த, முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழி திறந்தாயிற்று, சரி. 1983லிருந்து ராமேஸ்வரம் கரையில் படகில் வந்து இறங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? கையில் முறையான ஆவணம் இல்லாமல் வந்ததால் சட்டத்தின் கண்ணில் இன்னும் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. அவர்களுக்கு இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், டிகிரியும் முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோரால் அரசு வேலைக்கு விண்ணப்பம் போட முடியாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. முகாமில் கணக்கெடுப்பு என்றால் மட்டும் குடும்பத்தோடு வந்து நின்று பேர் சொல்ல வேண்டும். 2021ல் அகதிகள் முகாம் என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை புதுசு, அவ்வளவுதான்.

கேட்டால் விதி இடம் கொடுக்கவில்லை என்பார்கள். பாரத ரத்னாவுக்கும் ஆண்டுக்கு மூன்று பேர்தான் என்று ஒரு வரம்பு உண்டு. 2024ல், தேர்தலுக்குச் சற்று முன், ஜனவரி 23க்கும் பிப்ரவரி 9க்கும் இடையில் ஐந்து பேருக்கு அறிவித்தார்கள். அதில் நான்கு பேர் உயிரோடு இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதனுக்குக் கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மறைந்த தலைவர்களுக்காக வளைகிற விதி, உயிரோடு வரிசையில் நிற்கிறவனுக்கு மட்டும் ஏன் இரும்பாகிவிடுகிறது? இரங்கல் தீர்மானம், சிலை, மணிமண்டபம் என்றால் நம் மாநிலக் கட்சிகளும் சளைத்தவை அல்ல.

அடுத்த கட்டுரையில் நம் 39 எம்.பி.க்களிடம் இதைக் கேட்டு எழுதுங்கள்.