மோனோஷாக்குக்கு ஒரு மறைப்பு கிடையாதா?

பைக்கில் அதிகமாகச் சேறு தெறிக்கும் இடமே பின்சக்கரத்துக்கு நேர் முன்னால்தான். அங்கேதான் பல வண்டிகளில் மோனோஷாக்கை, அதாவது பின்சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் ஒற்றை ஷாக் அப்சார்பரை, வைக்கிறார்கள், எந்த மறைப்பும் இல்லாமல்! ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். மெட்ரோ பள்ளத்துச் சேறு, லாரி சிந்திய மணல், செயின் தெறிக்கும் ஆயில், எல்லாம் ஸ்பிரிங்கில் சிமென்ட் மாதிரி இறுகிவிடுகின்றன. கை நுழையாது. பிரஷ்ஷும் பாதி தூரம்தான் போகும். சரி, வாட்டர் வாஷுக்கு விடலாமென்றால், அந்த பிரஷர் தண்ணீரே மண்ணை, ஷாக்கின் ஆயில் வெளியே வராமல் அடைக்கும் சீலுக்குள் தள்ளிவிடும். மண் ஷாக்கின் ராடைக் கீறும், சீல் தேயும், ஆயில் கசியும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்புதான் பதில் சொல்ல வேண்டும்.

மெக்கானிக்கிடம் போனால், "முழுசா மாத்தணும் சார்" என்கிறார். பிரித்துச் சீல் மாற்றும்படி பல மோனோஷாக்குகளைச் செய்வதே இல்லை. பழைய இரட்டை ஷாக் வண்டிகளில் ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் வேலை முடிந்தது!

டயரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் ஹக்கர், அதாவது சின்ன மட்கார்டு, போதும், பாதிச் சேறு நின்றுவிடும். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்குகிறார்களே, அதைக்கூடச் சேர்த்துத் தர மாட்டார்களா? கேட்டால், "அது அக்சசரி, தனியா வாங்கிக்குங்க." மழையும் அக்சசரியா?