ஒரே ஒரு வார்த்தைதானே?

சாலிகிராமத்தில் ஒரு மாடியறை ஸ்டூடியோவில் அனிமேஷன் செய்து பிழைப்பவன் நான். நேற்று இரவு ஒன்பது மணிக்குக் கணினியை அணைக்கப் போனபோது கைப்பேசி அடித்தது. நான் வேலை செய்துதரும் படத்தை எடுப்பவர். "தம்பி, அந்தப் பாட்டி பேசுவதில் 'அம்மா' வேண்டாம், 'தாயே' என்று மாற்றிவிட்டோம். புதுக் குரல் அனுப்பியிருக்கிறோம். ஒரே ஒரு வார்த்தைதானே? காலை பத்து மணிக்குக் கொடுத்துவிடுங்கள்."

ஒரே ஒரு வார்த்தையா? கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள் ஐயா! 'அம்மா' என்றால் இரண்டு உதடும் ஒட்டியே தீர வேண்டும். அந்த 'ம்மா'வுக்காக நான்கு ஃப்ரேம், அதாவது அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்களில் நான்கில், வாயை மூடி வைத்திருந்தேன். 'தாயே'யில் உதடு ஒட்டவே ஒட்டாது. நாக்கு பல்லைத் தொடும், தாடை இறங்கும், கடைசியில் வாய் பக்கவாட்டில் அகலும். பழைய வாயசைவில் ஒன்றுகூட உதவாது. வாயோடு போகிறதா? 'அம்மா' கொஞ்சல், தலை சாய்ந்திருந்தது. 'தாயே' என்று கூப்பிடுகிற கிழவிக்குக் கழுத்து நிமிர்கிறது, கண் விரிகிறது. எல்லாவற்றையும் கலைக்க வேண்டும்.

அதைவிட வயிற்றெரிச்சல், அந்தப் பாட்டி திண்ணையிலிருந்து எழும் இடம். நான்கு வினாடி. வினாடிக்கு 24 ஃப்ரேம், ஆக 96. அதற்கு மூன்று நாள் உழைத்தேன். என் அம்மாவை உட்கார்த்தி, எழச் சொல்லி, படம் எடுத்துப் பார்த்தேன். முதலில் தலை முன்னே வருகிறது. கை முழங்காலை அழுத்துகிறது. இடுப்பு பிறகுதான் எழும்புகிறது, முதுகு கடைசியில் நிமிர்கிறது. நடுவில் ஒரு கணம் உடம்பு அப்படியே நிற்கும்; வலி அங்கேதான் தெரியும். 'அம்மா' சரியாக அந்தக் கணத்தில் விழுந்தது. புதுக் குரலோ நீளம், எழுவதற்குள் முடியவில்லை. எனவே எழும் வேகமும் போயிற்று.

"கணினிதானே செய்கிறது" என்கிறார்கள். இரண்டு நிலைகளுக்கு நடுவே அது நிரப்பித் தரும், உண்மை. தண்ணீரில் மிதப்பதுபோல, எடையே இல்லாமல் நிரப்பும். அந்த எடையைக் கொண்டுவருவதுதான் என் தொழில். வீட்டில் என் அத்தைக்கு இது புரியாவிட்டால் வருத்தமில்லை. படம் எடுப்பவர்களுக்குமா புரியாது?

ரெண்டர், அதாவது கணினி ஒவ்வொரு ஃப்ரேமையும் இறுதிப் படமாக ஆக்கித் தரும் வேலை, அதன் கணக்காவது தெரிய வேண்டாமா? இந்தக் காட்சிக்கு ஃப்ரேமுக்குப் பத்து நிமிடம். 96 ஃப்ரேமுக்கு 16 மணி நேரம். மூன்று கணினிகளில் பிரித்துப் போட்டாலும் ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல். அதிகாலை நாலரைக்குள் அசைவு முழுவதையும் முடித்தால்தான் பத்து மணி. ஆற்காடு சாலையில் பஸ் நின்றுபோன பிறகு, ஒரு டீயோடு உட்கார்ந்து முடித்தேன். இதற்குத் தனியாக ஒரு ரூபாய் உண்டா? "சின்னத் திருத்தத்துக்கெல்லாம் காசா" என்கிறார்கள்.

இரண்டு மாதம் முன்பே வெறும் கோட்டோவியங்களை வரிசையாக அடுக்கி, தற்காலிகக் குரலோடு அனிமேட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு மாற்றியிருந்தால் பத்து நிமிட வேலை. "பிரமாதம்" என்று ஒப்புதல் தந்தவரும் இவரேதான். இனிமேல் இறுதிக் குரல் கைக்கு வராமல் எந்தப் பாத்திரத்தின் வாயையும் நான் திறக்கப்போவதில்லை. ஒப்புதலுக்குப் பிறகு ஒரு எழுத்தை மாற்றினாலும் தனிக் கட்டணம். விலைப்பட்டியலின் முதல் வரியில் அதைத்தான் இன்று எழுதியிருக்கிறேன்.