அடைக்கு வெல்லம் வைத்தால் யாருக்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட அடைப் படத்துக்குக் கீழே நடந்ததை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், மனசு கெட்டுப்போகும். பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "இது சாப்பாடா, தண்டனையா" என்று கேட்டவருக்கு விழுந்த சிரிப்புக் குறிகளில், எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டுப் போனவர்களின் பெயர்களும் இருந்தன. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தட்டில் அப்படி என்ன இருந்தது? முறுகலாக வார்த்த அடை, ஓரத்தில் பொடித்த வெல்லம், ஒரு உருண்டை வெண்ணெய். அவ்வளவுதான். அடைக்கு அவியல் எங்கே என்று கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பேன். அவியல் எனக்கும் பிடிக்கும். ஆனால் கேட்டது அதை இல்லை. காரத்தோடு இனிப்பைச் சேர்க்கிறவர்களுக்கு நாக்கே கிடையாது, பீட்சாவில் அன்னாசி போடுகிற கூட்டம் இது, சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களை ஊரை விட்டுத் துரத்த வேண்டும் என்றெல்லாம் வரிசையாக வந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு, காரத்தோடு இனிப்பைச் சேர்ப்பது எங்கிருந்தோ வந்து நம் தட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இல்லை. அது நம் சமையலுக்குள்ளேயே இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

மார்கழித் திருவாதிரைக்கு என்ன செய்கிறோம்? களி. வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும் தேங்காயும். சரி, அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன? புளியும் மிளகாயும் போட்ட ஏழுகறிக் குழம்பு. பூசணி, பரங்கி, அவரை, சேனை, சர்க்கரைவள்ளி என்று வீட்டுக்கு வீடு காய் மாறும். குழம்பு மாறாது. ஒரே வாயில் வெல்லமும் புளியும் மிளகாயும் போகிறது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் பார்த்துவிட்டு வந்து இதைச் சாப்பிடுகிறவர்கள் யாரும் "ஐயோ, இனிப்போடு குழம்பா" என்று முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் மாங்காய், வெல்லம், உப்பு, மிளகாய், வேப்பம்பூ எல்லாம் ஒரே கிண்ணத்தில். மாசியும் பங்குனியும் சேரும் நேரத்தில் வருகிற காரடையான் நோன்புக்கு வெல்ல அடையும் உப்பு அடையும் ஒரே இலையில், நடுவில் வெண்ணெய். தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கிக்காய்ப் பால் கூட்டு வைப்பார்கள், பாலும் வெல்லமும் சேர்த்து. அதைச் சோற்றுக்குத்தான் தொட்டுக்கொள்வார்கள், கடைசியில் பாயசமாகக் குடிப்பதில்லை. இத்தனையும் இருக்கும்போது என் அடைக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு துண்டு வெல்லம் மட்டும் எப்படிக் குற்றமானது?

பஸ் ஸ்டாண்டில் கொய்யாவுக்கும் அன்னாசிக்கும் மிளகாய்த்தூளும் உப்பும் தூவித் தருகிறார்களே, அதை வாங்காமல் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர்? இனிப்பான அன்னாசிமேல் காரம் விழுந்தால் ருசி. காரமான அடைக்குப் பக்கத்தில் இனிப்பு வந்தால் கேவலம். இது என்ன கணக்கு என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

இப்போது சாம்பாருக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு வலி அதிகம்.

நான் பெங்களூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் அம்மா சாம்பாரில் ஒரு சின்னத் துண்டு வெல்லம் போடுவார். அங்கே பக்கத்து வீட்டிலும் போடுவார்கள், எதிர் வீட்டிலும் போடுவார்கள். உடுப்பிச் சமையலில் அது இல்லாமல் இருக்காது. யாரும் அதை இனிப்புச் சாம்பார் என்று நினைத்ததில்லை, அது சாம்பார், அவ்வளவுதான். கல்யாணமாகித் திருச்சிக்கு வந்து நான் முதன்முதலாகச் சமைத்த அன்று, நாத்தனார் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு, "அண்ணி, சாம்பார் எங்கே, பாயசத்தை முதல்லயே கொண்டுவந்துட்டீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது? அதற்குப் பிறகு விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கதை பந்தியில் பரிமாறப்படும்.

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், வத்தக்குழம்பு வைப்பதில் கெட்டிக்காரர். சொந்தக்காரர்கள் தூக்குவாளி கொண்டுவந்து வாங்கிப் போவார்கள். அந்தக் குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து வரும்போது, கடைசியில் அவர் என்ன போடுவார் தெரியுமா? வெல்லம்தான். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். "இது போட்டாத்தான் புளி அடங்கும்" என்று எனக்கே சொல்லியும் கொடுத்தார். அத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை, சமையலில் பாதியை அவரிடம்தான் கற்றேன். ஆனால் ஒரே வெல்லம் அவர் குழம்பில் விழுந்தால் பக்குவம், என் சாம்பாரில் விழுந்தால் பெங்களூர்க் கோளாறு என்று அந்த வீட்டில் ஆனது எப்படி?

அத்தை சொன்னதுதான் விஷயம். புளிப்பை இனிப்பு அடக்கும். மிளகாயின் எரிச்சலையும் கொஞ்சம் தணிக்கும். குழம்பு இனிக்க வேண்டும் என்று யாரும் வெல்லம் போடுவதில்லை, புளி துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்று போடுகிறார்கள். அந்த வேலையைச் சில வீடுகளில் வெல்லம் செய்கிறது, சில வீடுகளில் பரங்கிக்காயும் வதக்கிய சின்ன வெங்காயமும் செய்கின்றன. "எங்க சாம்பார்ல இனிப்பே கிடையாது" என்று நெஞ்சை நிமிர்த்தி எழுதியவரின் சாம்பார்ப் படத்தை நானும் பார்த்தேன். மேலேயே பரங்கித் துண்டு மிதக்கிறது.

சரி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

ஐஸ்லாந்து அதிபரே பீட்சாவில் அன்னாசியைத் தடை செய்யச் சொன்னார் என்று ஒருவர் செய்தி இணைத்திருந்தார். பாதிச் செய்தி அது. 2017 பிப்ரவரியில் அப்போதைய அதிபர் குவ்னி யோகன்னசன், தன்னால் முடிந்தால் அதைத் தடை செய்வேன் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொன்னது உண்மை. அது உலகம் முழுக்கப் பரவியதும் அவரே முகநூலில் விளக்கம் எழுதினார். மற்றவர்கள் பீட்சாமேல் அன்னாசி வைப்பதைத் தடுக்கிற சட்டம் போடும் அதிகாரம் தனக்கு இல்லை, இல்லாததில் சந்தோஷம் என்றார். ஒரு நாட்டின் அதிபருக்கு இருந்த நிதானம், என் பக்கத்தில் வந்து என் தட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு இல்லை. அந்த அன்னாசிப் பீட்சாவே விளையாட்டாக வந்ததுதான். 1962-ல் கனடாவின் சாத்தம் நகரத்தில் சாம் பனோபுலஸ் என்ற கிரேக்கர் தன் உணவகத்தில் செய்து பார்த்தார், ஜனங்களுக்குப் பிடித்தது, நிலைத்துவிட்டது.

சீஸ் உப்பு, அதோடு இனிப்பு எப்படிச் சேரும் என்று கேட்டவருக்கு: ஸ்பெயினில் மான்சேகோ சீஸை சீமை மாதுளை (குயின்ஸ் பழம்) அல்வாத் துண்டோடு சாப்பிடுகிறார்கள். பிரேசிலில் சீஸும் கொய்யா அல்வாவும் பிரிக்க முடியாத ஜோடி, அதற்கு ரோமியோ ஜூலியட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1999-ல், ஆப்பிளை மாவுக்குள் வைத்துச் சுடுகிற ஆப்பிள் பையை மாநிலப் பலகாரமாகச் சட்டம் போட்டு அறிவித்தபோது, அதோடு பாலோ ஐஸ்கிரீமோ ஒரு துண்டு செடார் சீஸோ வைத்துப் பரிமாற முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. இதையெல்லாம் சொன்னால் "ஓ, அப்படியா" என்று கேட்டுக்கொள்வீர்கள். சீஸ்மேல் தேன் ஊற்றிப் படம் போட்ட நண்பருக்கு நீங்களே இதயக்குறி போட்டீர்கள். வெண்ணெயும் வெல்லமும் என்றால் மட்டும் குமட்டுகிறது.

சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்பவர்களுக்கு: சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெல்லத்தைத் தவிர்க்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பிள்ளை நூடுல்ஸ்மேல் பிழிகிற தக்காளி சாஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதைச் சமோசாவுக்குத் தொட்டுக்கொண்டே எனக்கு ஆரோக்கியம் சொல்லித் தருகிறீர்கள். நான் ஒரு குண்டான் குழம்பில் போடுவது சுண்டைக்காய் அளவு.

இது ஒரு சாதியின் சாப்பாடு, அதைத் தமிழர் சாப்பாடு என்று சொல்லாதே என்று எழுதியவருக்கு ஒன்று சொல்வேன். அடைக்கு வெல்லம் எந்தெந்த வீட்டில் வைக்கிறார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. ஆனால் தெற்கே பனங்காட்டுப் பக்கம் பதநீரில் மாங்காயை நறுக்கிப் போட்டுக் குடிக்கிறார்களே, அது யாருடைய சாப்பாடு? கன்னியாகுமரிப் பக்கம் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பழத்தோடு பிசைகிறார்களே, அது? பாய் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணித் தட்டிலேயே பிரெட் அல்வா வைக்கிறார்களே, அது? யாழ்ப்பாணத்தில் புட்டோடு மாம்பழம் பிசைந்து சாப்பிடுகிறவர்களும் தமிழர்தானே? எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் நம் தட்டில் என்னதான் மிஞ்சும்?

கடைசியாக, "ஜோக்குக்குச் சொன்னோம், இதுக்குப் போயா" என்பவர்களுக்கு. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. எனக்கும் சில சாப்பாடு பிடிக்காது, ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். நீங்கள் சொன்னது அது இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு நாக்கு இல்லை என்றீர்கள். அந்த நாக்கை எனக்குப் பழக்கியவர் என் அம்மா.

ஒரு தடவை அம்மா எங்களோடு தங்க வந்திருந்தார். சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் வெல்ல டப்பாவை எடுத்தார். "இங்க யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா" என்றேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டார், ஊருக்குப் போகும்வரை அதற்குப் பிறகு அடுப்புப் பக்கம் வரவில்லை. ஐம்பது வருஷம் சமைத்த கை. அந்தக் கையைத்தான் உங்கள் ஜோக் தொடுகிறது. தெரியாமல்தான் சொன்னீர்கள், சரி. இப்போது தெரிந்துவிட்டது இல்லையா?

பின்னூட்டத்தை மூடப் போவதில்லை. திட்டுகிறவர்கள் திட்டலாம், அம்மாவைப் பற்றி எழுதினால் மட்டும் நீக்கிவிடுவேன்.

இன்பாக்ஸில் அளவு கேட்ட தோழிகளுக்கு: எலுமிச்சை அளவு புளிக்குச் சுண்டைக்காய் அளவு வெல்லம். பருப்பு சேர்த்துக் கொதி வந்த பிறகு, இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போடுங்கள். பரங்கியோ கேரட்டோ போட்டிருந்தால் அதுவும் வேண்டாம். அடைக்கு அளவெல்லாம் கிடையாது, பாகு வெல்லமாக இருந்தால் இன்னும் நல்லது. வெண்ணெயை மட்டும் அடை சூடாக இருக்கும்போதே வைத்துவிடுங்கள்.